விட்டால்தான் வலி விடும்!

மவுஸ் பிடிக்கும் கைக்கு என்ன ஆகிறது, எப்படிக் காப்பாற்றுவது?

இந்த வலி பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சோற்றைப் பிசையும்போது காட்டுகிறது. ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்தால் கட்டைவிரலின் அடியில் சுளீரென்கிறது. பைக்கில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் முன்கை குடைகிறது. ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்க வீட்டில் வேறு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சிலருக்கு நடுராத்திரியில் விரல்கள் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டே எழுந்து உட்கார வைக்கிறது. காரணம் பகல் முழுக்கப் பிடித்திருந்த மவுஸாக இருக்கலாம் என்று தோன்றுவதற்குள் மாதக்கணக்கில் போய்விடுகிறது. ‘உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பொருள், இதைப் பிடித்தா கை வலிக்கும்?’ என்றுதான் எல்லோருமே நினைக்கிறோம்.

இது ஐ.டி. கம்பெனிக்காரர்களின் வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்பவர், சிவகாசி அச்சகத்தில் காலண்டருக்கு லே-அவுட் போடுபவர், ஆட்டோகேடில் வீட்டு வரைபடம் வரைபவர், இ-சேவை மையத்தில் நாள் முழுக்க விண்ணப்பம் நிரப்புபவர், மெடிக்கல் கோடிங் வேலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் என்று நீளும் வரிசை இது. இப்போது புதிதாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்ல, புகைப்படத்தில் தெரியும் ஒவ்வொரு வண்டியையும் மனிதரையும் மரத்தையும் சுற்றி மவுஸால் கட்டம் போடும் வேலை. அதில் கையின் அசைவுதான் முழு உற்பத்தியும்.

இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ‘எந்த மவுஸ் வாங்கினால் வலி வராது?’ அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

நூறு கிராம் மவுஸ், மூன்று கிலோ கை

சாதாரண மவுஸின் எடை ஏறக்குறைய நூறு கிராம். அதைத் தூக்கக்கூட வேண்டாம், நகர்த்தினால் போதும். அப்படியிருக்க எதனால் வலி? அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை மட்டும் தோளிலிருந்து விரல் நுனிவரை மூன்று கிலோ அளவுக்கு இருக்கும். மவுஸ் எட்டத்தில் இருந்தால், அந்த மூன்று கிலோவையும் முன்னால் நீட்டியபடி மணிக்கணக்கில் தாங்கிப் பிடிப்பது தோளும் கழுத்தும்தான். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து வைக்க, முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது. மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து நிற்கிறது. ஆள்காட்டி விரல் கிளிக் செய்யாத நேரத்திலும் பட்டனை அழுத்திவிடாமல் லேசாகத் தூக்கியே நிற்கிறது. அந்த விரலைத் தூக்கி நிறுத்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புறத்தில் தொடங்குகின்றன. மவுஸ் பிடிப்பவர்கள் பலர் முழங்கை வலிக்கிறது என்று சொல்வது அதனால்தான்.

உழைத்துக் களைக்கும் தசைக்கு ஓய்வு தானாகக் கிடைத்துவிடும். கடப்பாரை பிடிப்பவர் ஓங்குவார், இறக்குவார், மூச்சு வாங்குவார். மவுஸ் பிடித்த கைக்கு அந்த இடைவெளி இல்லை. விசை மிகக் குறைவு, ஆனால் விடுவதே கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் ஹேக் என்ற ஆய்வாளர் 1991-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தசையில் எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. லேசான வேலைக்கு முதலில் கூப்பிடப்படுபவை மிகச் சிறிய இழைகள். வேலை முழுதாக நிற்கும்வரை அவற்றுக்கு விடுப்பு கிடையாது. தேவதைக் கதையில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் சிண்ட்ரெல்லாவின் பெயரையே அந்தக் கருதுகோளுக்கு வைத்தார்கள். வேலை எவ்வளவு லேசானது என்பது அந்த இழைகளுக்கு முக்கியமில்லை. எப்போது முழுசாக விடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

மவுஸ் வலியைத் தடுக்கும் வழிகளில் முதல் வழி அதிலேயே இருக்கிறது. திரையில் எதையாவது படிக்கும்போது, போன் பேசும்போது, ஃபைல் திறக்கக் காத்திருக்கும்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மவுஸ் மேல்தான் இருக்கும், எந்த வேலையும் இல்லாமல். அதை எடுத்து மடியில் போடுங்கள். காசு கேட்காத வைத்தியம் இது.

இடது கையின் பங்கு எங்கே போனது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் 1964-இல் உருவாக்கிய முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில் எங்கல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டினார். அன்று அவர் மேஜையில் இன்னொரு கருவியும் இருந்தது: இடது கைக்கென்று, அழுத்துவதற்கு ஐந்து கட்டைகள் கொண்ட சின்னக் கருவி. வலது கை சுட்டிக்காட்டும், இடது கை கட்டளை கொடுக்கும் என்பது அவருடைய திட்டம். வேலை இரண்டு கைகளுக்கும் பங்கு.

பிறகு வந்த நிறுவனங்கள் மவுஸை எடுத்துக்கொண்டன, இடது கைக் கருவியை விட்டுவிட்டன. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் சந்தைக்கு வந்தபின் மவுஸ் பரவலானது. திரையில் எதைச் செய்ய வேண்டுமானாலும் சுட்டு, அழுத்து, இழு. இரண்டு கைகளின் வேலை ஒரு கையின் தலையில் விழுந்தது.

கை வலிக்கு மவுஸுக்கும் முன்பே வரலாறு உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1713-இல் விரிவாக்கி வெளியிட்ட தொழில்நோய் நூல், எழுத்தர்களின் உபாதைகளுக்கு மூன்று காரணங்களைச் சொன்னது: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டிருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். தந்தி அடித்தவர்களுக்கு வந்த கைப்பிடிப்பைப் பிரிட்டன் 1908-இலேயே இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. இறகுப் பேனா போய், தந்திக் கருவி போய், மவுஸ் வந்திருக்கிறது. மூன்று காரணங்களும் அப்படியே இருக்கின்றன. டார்கெட் முடிக்க வேண்டிய மாலை நேரத்தில் மவுஸை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கவனித்தாலே மூன்றாவது காரணம் புரிந்துவிடும்.

எந்த விரல் பேசுகிறது?

‘கை வலிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த இடம், எந்த விரல் என்று பார்ப்பது மருத்துவருக்கும் உதவும், உங்களுக்கும் உதவும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய இவை மரத்துப்போய், இரவில் அதிகமானால் அது கார்பல் டனல் பிரச்னையாக இருக்கலாம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான தசைநாருக்கும் நடுவே குறுகிய பாதை ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே வீக்கமோ அழுத்தமோ கூடினால் முதலில் நசுங்குவது நரம்புதான். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, உடல் பருமன், கர்ப்ப காலம் ஆகியவையும் இதைக் கொண்டுவரும். அதனால் பழியை மவுஸ் மேல் மட்டும் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனால் அது வேறு நரம்பு. முழங்கையை மேஜை விளிம்பிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றியே இருப்பதால் அது அழுந்தலாம். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் அது தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் 1895-இல் விவரித்த நோய் அது. செல்போனை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலாலேயே தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்கு இது இன்னும் தொல்லை தரும். முழங்கையின் வெளிப்புறம் வலித்தால், ராக்கெட்டைத் தொட்டே பார்க்காதவருக்கும் வரக்கூடிய ‘டென்னிஸ் எல்போ’. சில நேரம் வலியின் மூலம் கையிலேயே இருக்காது, கழுத்தில் இருக்கும்.

மவுஸ் கார்பல் டனலைக் கொண்டுவருமா என்று டென்மார்க்கில் 6,943 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2003-இல் வெளியான முடிவு நிதானமானது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் அந்த அறிகுறிகளுக்கான வாய்ப்பு கூடியிருந்தது, ஆனால் உறுதியாக அந்த நோய் என்று சொல்லத்தக்கவர்கள் குறைவு. கீபோர்டுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. ஆக, கை வலித்தாலே ஆபரேஷன் என்று பயப்படத் தேவையில்லை. மவுஸ் பிடிப்பவர்களின் வலியில் பெரும்பகுதி தசை, தசைநாண் களைப்பு. ஆரம்பத்தில் கவனித்தால் திரும்பிப் போகக்கூடியது.

நம்ம ஊர் கம்ப்யூட்டர் டேபிள்

மரக்கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் டேபிளை நினைத்துப் பாருங்கள். கீபோர்டுக்கு இழுத்துத் தள்ளும் தட்டு ஒன்று இருக்கும். கீபோர்டை வைத்ததும் தட்டு நிறைந்துவிடும். மவுஸுக்கு இடமில்லாமல் மேலே, மானிட்டர் பக்கத்தில் வைப்பார்கள். கை ஒவ்வொரு முறையும் ஏறி, நீண்டு, மேஜை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி வேலை செய்கிறது. தோள் வலிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

மவுஸும் கீபோர்டும் ஒரே மட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டில் இடமில்லை என்றால் தட்டையே மூடிவிட்டு இரண்டையும் மேலே வையுங்கள். மேல்கை உடம்போடு ஒட்டித் தொங்க, முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க, மணிக்கட்டு வளையாமல் நேராக இருந்தால் சரியான உயரம். நம்மூர் மேஜைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, இது அதிகம். நாற்காலியை உயர்த்துங்கள். அப்போது கால் தரையில் படாமல் தொங்கினால் ஒரு மணைக்கட்டையோ பழைய பேப்பர் கட்டோ காலுக்கு அடியில் போதும். முன்கையை மேஜை தாங்கும்படி உட்காருங்கள். வேலையிட வலிகளைத் தடுக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்விலும், ஓரளவு பலன் தெரிந்தது முன்கைக்குத் தாங்கலும் மாற்று வகை மவுஸும் சேர்ந்த ஏற்பாட்டில்தான்.

அடுத்தது கீபோர்டின் நீளம். நம்பர் பேடோடு சேர்ந்த கீபோர்டு 45 சென்டிமீட்டர் வரை இருக்கும். எழுத்துகள் நடு உடம்புக்கு நேராக இருந்தால், வலது ஓரம் முப்பது சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும். மவுஸ் அதற்கும் அப்பால். கணக்கு வேலை இல்லாதவர்கள் நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் உடனே பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

காசு செலவில்லாமல் அதைவிடப் பக்கத்தில் கொண்டுவரவும் ஒரு வழி இருக்கிறது: மவுஸை இடது பக்கம் மாற்றுவது. அந்தப் பக்கம் நம்பர் பேட் கிடையாது. விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் முதன்மை பட்டனை வலதுக்கு மாற்றினால் ஆள்காட்டி விரலாலேயே கிளிக் செய்யலாம். ஆரம்பத்தில் தடுமாறும். படிப்பது, ஸ்க்ரோல் செய்வது போன்ற எளிய வேலைகளில் தொடங்கினால் பழகிவிடும். நாள் முழுக்க இடது கையாலேயே பிடித்தால் அதுவும் வலிக்கத் தொடங்கும் என்பதால், கைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நல்லது.

டாலிக்காரர்கள் சொல்லித் தரும் பாடம்

பழகிய கணக்கர் ஒருவர் டாலியில் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். F5 தட்டினால் பேமெண்ட், F6 ரெசிப்ட், F8 சேல்ஸ், F9 பர்ச்சேஸ். மவுஸ் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வேலையும் வேகமாக நடக்கும். எந்தத் தொழிலுக்கும் இந்த வித்தை கைகூடும்.

விண்ணப்பம் நிரப்புபவர்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ‘டேப்’ கட்டையால் போகலாம், ஷிஃப்ட்டோடு சேர்த்தால் பின்னால் வரலாம், டிக் அடிக்க ஸ்பேஸ் பார் போதும். இணையப் பக்கங்களைக் கீழே தள்ளவும் ஸ்பேஸ் பார்தான். திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு இடையே தாவ ஆல்ட்-டேப். டிசைனர்கள் இடது கையைக் கீபோர்டிலேயே வைத்து டூல்களை ஒற்றை எழுத்தால் மாற்றலாம். வாரத்துக்கு இரண்டு குறுக்குவழிகள் கற்றால்கூட, மூன்று மாதத்தில் மவுஸ் வேலை கணிசமாகக் குறைந்திருக்கும்.

மிச்சமிருக்கும் மவுஸ் வேலையில் கையை அதிகம் வதைப்பது பட்டனை அழுத்தியபடியே இழுப்பது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் மணிக்கட்டுக்குள் நுண்ணிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். ஓய்வாக இருந்த கையில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருந்த அழுத்தம், மவுஸால் இழுக்கும்போது 30-ஐ ஒட்டி ஏறியது. விண்டோஸில் ‘கிளிக்லாக்’ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால், பட்டனைச் சற்று நேரம் அழுத்தி விட்டுவிட்டாலும் அது பிடித்தபடியே இருக்கும், விரல் சும்மா வரலாம். பாயின்டரின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் கை குறைந்த தூரம் நகர்ந்தால் போதும். ரொம்பக் கூட்டினால் குறி தப்பி, விரல்கள் இறுகும். கண்ணாடி மேஜையில் மவுஸ் சரியாக ஓடாது. அப்படி வழுக்கும்போதெல்லாம் நம் பிடிதான் இறுகுகிறது, ஒரு பேட் போடுங்கள். இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்ற நிலைக்கு வந்த பழைய மவுஸைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள்.

சரி, எந்த மவுஸ் வாங்கலாம்?

இப்போது கேட்கலாம். முதல் தகுதி அளவு. கை அதன் மேல் தளர்வாகப் படிய வேண்டும். லேப்டாப் பையில் போட வாங்கிய குட்டி மவுஸில் விரல்கள் நண்டுபிடியாக மடங்கியே இருக்கும், எட்டு மணி நேர வேலைக்கு அது ஆகாது.

கைகுலுக்குவது போலப் பிடிக்கும் செங்குத்து மவுஸ், முன்கை கவிழ்ந்து திருகிக்கொள்வதைக் குறைக்கும். ஆனால் கார்பல் டனல் நோயாளிகளிடம் சோதித்தபோது, மணிக்கட்டின் கோணம் மேம்பட்டதே தவிர உள்ளே இருந்த அழுத்தம் குறையவில்லை. அது வசதி, மருந்தாகாது. பந்தை உருட்டும் ட்ராக்பாலில் கை நகர வேண்டியதில்லை, தோள் வலிக்காரர்களுக்கு ஏற்றது. கட்டைவிரலால் உருட்டும் வகையைக் கட்டைவிரல் வலிக்காரர்கள் தவிர்க்கலாம். படம் வரைபவர்களுக்குப் பேனா டேப்லெட் நல்ல மாற்று. ஜெல் வைத்த மணிக்கட்டுத் திண்டு, நிறுத்தி இளைப்பாறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கத்தான். மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டே மவுஸை ஆட்டினால், காப்பாற்ற வேண்டிய நரம்பையே அழுத்துகிறோம். எது வாங்கினாலும், வலிக்கும் நாட்களில் ஒருநாள் ஒன்றையும் மறுநாள் வேறொன்றையும் மாற்றிப் பிடிப்பது ஒரே மவுஸைக் கட்டி அழுவதைவிட நல்லது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

● சும்மா இருக்கும் கை மவுஸ் மேல் இருக்கக் கூடாது. மடியிலோ மேஜையிலோ தளர்வாக இருக்கட்டும்.

● மணிக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் எடுப்பதைவிட இதுவே சிறந்தது என்கிறது பிரிட்டனின் பணிநலத் துறை. அந்த இடைவேளையில் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வாகாது.

● மவுஸை மணிக்கட்டால் ஆட்டாமல் முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். பிடி, மவுஸ் நழுவாத அளவுக்கு இருந்தால் போதும்.

● தோள்களை உருட்டுவது, விரல்களை அகல விரித்து மெல்ல மடக்குவது, மணிக்கட்டை மேலும் கீழும் இதமாக வளைப்பது போதுமான பயிற்சி. வலிக்கும்வரை இழுக்க வேண்டாம்.

● தைலம் தேய்ப்பதால் இதம் கிடைக்கும். மரத்துப்போன கையை முரட்டுத்தனமாக நீவிச் சுளுக்கு எடுக்க வேண்டாம். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு மவுஸ் பிடித்தால், பட்டையை எதிர்த்து இன்னும் அதிகமாக உழைப்போம். கார்பல் டனல் உள்ளவர்களுக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை உதவும், மருத்துவர் சொல்லும் அளவில் வாங்குங்கள்.

● வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மரத்துப்போவது அடிக்கடி நடந்தால், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேடு மெலிந்தால், கையிலிருந்து பொருட்கள் நழுவினால் தள்ளிப்போடாமல் எலும்பு-மூட்டு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.

முதலாளிக்கும் பங்கு உண்டு

மேஜையின் உயரத்தைத் தொழிலாளி முடிவு செய்வதில்லை. நாற்காலியும் டார்கெட்டும் அவர் கையில் இல்லை. இதனால்தான் ஐரோப்பாவில் 1990-இலேயே திரை முன்னால் வேலை செய்பவர்களுக்காகத் தனி விதிகள் வந்தன. 1992-இல் பிரிட்டன் அவற்றைத் தன் சட்டத்தில் சேர்த்தது. இருக்கையையும் மேஜையையும் ஆராய்ந்து சரிசெய்வதும், வேலைக்கு நடுவே இடைவேளையோ மாற்று வேலையோ தருவதும் அங்கே முதலாளியின் கடமை. சர்வதேச தொழிலாளர் நிறுவனத்தின் 2010 தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனலும் கட்டைவிரல் தசைநாண் உறை வீக்கமும் இடம்பெற்றிருக்கின்றன. கை வலி என்று சொல்கிற ஊழியர் வேலைக்குச் சாக்குச் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டி.டி.பி. சென்டர் முதல் இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனம் வரை ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் புதிய கம்ப்யூட்டர் வாங்கும் பட்ஜெட்டில், உயரம் மாற்றக்கூடிய நாற்காலிக்கும் கைக்கு அளவான மவுஸுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்து நடப்பவரைச் சோம்பேறி என்று கணக்கெடுக்காதீர்கள். வலி வந்த பிறகு அவர் எடுக்கப்போகும் விடுப்பு அதைவிடப் பெரிது. வேலை செய்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: வலியைப் பொறுத்துக்கொள்வது திறமை இல்லை. இன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள், மேஜையை மாற்றித் தரக் கேளுங்கள். அது நடக்கும்வரை காத்திருக்காமல், இந்த நிமிடமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மவுஸை விடுங்கள்!